பொத்தான் டப்பாவும் பெரிய கத்தரியும்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சியைக் கட்டியவன், அதாவது தையல்கடைக்காரன், வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம். கடையும் சுகம். நீங்களும் அக்காவும், உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் என் மனைவியும் மகளும் என்னைவிடச் சுகமாகத்தான் இருப்பீர்கள், நான் அங்கே இல்லையே. போனில் பேசலாம் என்றால், அடுத்தவர் போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பிரித்துவிட்டால் அப்படிப் பாதியில் வைக்க முடியாது. பயல் அடுத்த வரியில் என்னதான் எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று கை குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பைப் பற்றி எனக்குத் தெரியாததா?

உங்கள் தங்கச்சி கிளம்பும்போது வாசலில் நின்று, "நாப்பது நாள் உங்க கை சும்மா இருந்துச்சுன்னு எங்கண்ணன் வாயால சொல்லட்டும், அன்னிக்கு வர்றேன்" என்றாள். நாளையோடு நாற்பது முடிகிறது. தீர்ப்பு உங்களுடையது. அதனால் ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் செல்போன் சீட்டாட்டத்தில் தோற்றுக் கெட்டுப்போனேன் என்று தெருவே பேசுகிறது. தப்பு மச்சான். நான் ஜெயித்துக் கெட்டவன். ஆடிய முதல் நாளே, ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கிற நேரத்தில், மூன்று நாள் கூலி வந்து விழுந்தது. உங்கள் தங்கச்சிக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். "ஏதுங்க காசு?" என்றாள். "திறமை" என்றேன். இரண்டே மாதத்தில் அதே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போய் விற்றதும் அதே திறமைசாலிதான். தோற்ற ஆட்டம் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை, அந்த முதல் நாள் மட்டும் விரல் நுனியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் ஒரு சீட்டில்தானே போச்சு, ஒரே ஒரு சீட்டு, என்று தோன்றும். கால்சட்டை ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டால் எந்த வாடிக்கைக்காரராவது அதைக் கிட்டத்தட்ட சரி என்று வாங்கிப் போவாரா? எனக்கு மட்டும் ஒரு அங்குலத் தோல்வி முக்கால் வெற்றியாகத் தெரிந்தது.

போனை உங்கள் தங்கச்சி எடுத்துப் போய்விட்டாள். காசு வைத்து ஆடுவதில்லை என்று மகள் தலையில் கை வைத்துச் சத்தியமும் வாங்கிவிட்டாள். முதல் வாரம் சமர்த்தாகத்தான் இருந்தேன். ஊசியில் நூல் முதல் தடவையே நுழையுமா, இரண்டாம் தடவையா என்று மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொள்வேன். இரண்டாவது வாரம் அதை எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்காரரிடம் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். மனுஷர் கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமலே, "ரெண்டாவது தடவைதான்" என்றார். "முதல்லயே போவும்" என்றேன். "என்ன வச்சுக்கலாம்?" என்றார். காசு கூடாதே, பொத்தான் வைத்தேன். பொத்தான் காசா மச்சான்? அடுத்து வரும் ஆள் ஜிப் மாற்ற வருவாரா, கால்சட்டை மடிக்க வருவாரா, ஒரு பொத்தான். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பாரா, ஸ்டாண்டு போடுவாரா, ரெண்டு பொத்தான். இப்படியே போய் மூன்றாவது வாரக் கடைசியில் என் வெள்ளைப் பொத்தான் அத்தனையும் அவர் டப்பாவில் செத்த பேட்டரிகளோடு கிடந்தன. அதில், தலைமையாசிரியர் தன் ஓய்வு விழாச் சட்டைக்கென்று துணியோடு கொடுத்திருந்த ஏழு முத்துப் பொத்தான்களும் சேர்த்தி.

விழாவுக்கு முந்தின நாள் அவர் வந்து சட்டையைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்றார். மேலிருந்து கீழாகச் சாம்பல், சந்தனம், பச்சை, கீழே ஒரு குழந்தைச் சட்டையின் பூப் பொத்தான். "என்னப்பா இது?" என்றார். "புது மாடல் சார்" என்றேன். "முப்பத்தஞ்சு வருஷமா பசங்க சொல்ற பொய்யக் கேட்டவன்யா நான். அவனுங்க இதைவிட நல்லா சொல்லுவானுங்க" என்று சட்டையைக் கழற்றி மேசையில் போட்டார். நான் ஓடிப்போய் வாட்ச்காரரிடம் அந்த ஏழு பொத்தானை மட்டும் கேட்டேன். "சும்மா எப்படித் தர்றது? ஜெயிச்சு எடுத்துக்க" என்றார். மச்சான், இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே ஒரு பெரிய மனுஷர் பனியனோடு நிற்கிறார், நாளைக்கு விழா, எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. இன்னொரு ஆட்டம் கிடைச்சுதேன்னு. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் தலைமையாசிரியரே பனியனோடு தெருவைத் தாண்டி வந்து, "எடுடா" என்றார். வாட்ச்காரர் அவரிடம் படித்தவராம். எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்தார்.

பொத்தான் கணக்கில் சேராது என்று வாதாட மாட்டேன். சேரும். ஆனால் அன்றே என் பொத்தான் டப்பாவைத் துணிப்பையில் போட்டுப் பை வாயைத் தைத்துவிட்டேன். ஒரு பொத்தான் வேண்டுமென்றாலும் தையலைப் பிரித்து, எடுத்து, மறுபடி தைக்க வேண்டும். பதினெட்டு நாளாக அப்படித்தான் நடக்கிறது. அதனால் பெரிய மனசு பண்ணி அவர்களை அனுப்பி வையுங்கள். மகளுடைய பள்ளிப் பாவாடை இதற்குள் குட்டையாகியிருக்கும். மூன்று விரல் உள்மடிப்பு விட்டுத்தான் தைத்தேன். அங்கே வேறு தையல்காரர் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

அக்காவின் முழங்கால் வலி குறையட்டும், உங்கள் கோபமும் கூடவே குறையட்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் அன்புக்கு இன்னும் ஆசைப்படும்
தங்கச்சி வீட்டுக்காரன்

பி.கு.: மேலே உள்ளதை வாட்ச்காரரிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா உன் மச்சான் அனுப்ப மாட்டாரு" என்றார். "எட்டு நாள்ல அனுப்புவாரு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, உங்கள் தங்கச்சியைக்கூடத் தொட விடாத என் பெரிய கத்தரி அவர் மேசைமேல் அவருடைய லென்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ரத்து செய்தால் என்ன என்பீர்கள். கேட்டேன். "தோக்கப் போறவன்தான்யா ரத்து கேப்பான்" என்றார். ரோஷத்தில் எட்டு நாளை ஐந்தாக்கிவிட்டேன். ஆகவே மச்சான், இத்தனை பக்கம் கெஞ்சியதை மறந்துவிடுங்கள். இப்போது அனுப்பாதீர்கள். அனுப்பினால் நான் ஜெயித்துவிடுவேன். கத்தரி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவள் பையோடு வாசலில் வந்து நிற்கும்போது, நான் அவளைப் பார்க்காமல் எதிர்க்கடையைப் பார்த்துச் சிரிப்பேன். அதை அவள் பார்த்துவிடக் கூடாது.

பாவாடையை மட்டும் தபாலில் அனுப்பி வையுங்கள். சின்னக் கத்தரி என்னிடம் இருக்கிறது. மடிப்புப் பிரிக்க அது போதும்.