ஊரறிந்த குழி

வலது காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே, தையல்காரம்மா கடை வாசலில் நாற்காலி போட்டு, தான் விழுந்த குழிக்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிச் சீருடை தைக்கிற சமயம். மிஷினை மிதிக்க வேண்டிய கால் கட்டுக்குள் கிடந்தது. துணி கொடுத்தவர்கள் நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். நகராட்சி நஷ்டஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. கண் அசந்தால் ஆள் அனுப்பிக் குழியை மூடிவிட்டு, "எந்தக் குழி?" என்று கையை விரித்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிற தம்பி வந்து அந்த ஒரு நம்பிக்கையிலும் மண்ணைப் போட்டான். நடைபாதையில் ஒருவர் விழுந்தார் என்பதற்காக மட்டும் நகராட்சி பொறுப்பாகிவிடாதாம். குழி இருப்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டுமாம். தெரிந்தும் சும்மா இருந்தால்தான் கேஸ் நிற்குமாம்.

"விழறதுக்கு முன்னாடியே யாராவது போய்ச் சொல்லியிருக்கணும்க்கா."

"விழாதவன் எதுக்குடா போய்ச் சொல்லப்போறான்?"

"அதனாலதான் அப்படி ஒரு சட்டம் வச்சிருக்காங்க."

தம்பியையும் நகராட்சிக்காரர்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்களோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைப் படியில் ஒரு கண்ணாடிக்காரர் வந்து உட்கார்ந்தார். குழியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஃபோனை எடுத்துக் குழியைப் படம் பிடித்தார். அடுத்த நாளும் வந்தார். கட்டு நிஜமா, வேஷமா என்று பார்க்க நகராட்சி அனுப்பிய வேவுக்காரன் என்று அவள் முடிவு கட்டினாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பாராக இருக்கும் என்றார் கணவர். இந்தத் தெருவில் எந்தக் காலத்தில் பஸ் வந்தது என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். அன்று முதல் கண்ணாடிக்காரர் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் வலி தாங்காதவள் போல முனகினாள்.

முன்பே புகார் சொன்னதாகச் சாட்சி சொல்ல மருந்துக்கடைக்காரரைக் கேட்டுப் பார்த்தாள். அவர் உடனே சரி என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே அவளுக்கு உறுத்தியது; பங்கு கேட்பானோ? யாரும் வேண்டாம், தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. குழி ஒரு வருஷமாக அவளுக்குத் தெரியும். வருகிற வாடிக்கையாளர்களிடம் "பார்த்து வாங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். நகராட்சியிடம் சொன்னதை மட்டும் புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேவுக்காரனையே தன் பக்கம் இழுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று பட்டது. கணவரை அனுப்பி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். குழி எத்தனை நாளாக இருக்கிறது? வேறு யாராவது தடுக்கி விழப் போனதைப் பார்த்திருக்கிறீர்களா? அவள் ஒன்றுவிடாமல் கொட்டினாள். ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று அவர் தயங்கிக் கேட்டபோது, அதை வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, முதலிலிருந்து மறுபடி சத்தமாகச் சொன்னாள்.

"ஒரு வருஷமா எனக்கு நல்லாவே தெரியும். யாராவது விழுவாங்கன்னும் தெரியும்."

அந்த நேரம் பார்த்து, அவள் நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்ட மனுவை விசாரிக்க நகராட்சி இன்ஜினியர் அளவு நாடாவோடு வந்து இறங்கினார். சாக்கடையிலிருந்து அளந்தார். சுவரிலிருந்து அளந்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தார். பிறகு செருப்பு நுனியால் தரையில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். நடைபாதை அந்தக் கோட்டோடு முடிகிறது. அதற்கு இந்தப் பக்கம் இவர்கள் கடை கட்டும்போது போட்ட தளம்.

"குழி உங்க இடத்துல இருக்கும்மா. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தையல்காரம்மா கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஆபீஸ்காரர் இப்படி அநியாயமா பேசிட்டுப் போறாரு. நீங்க பாட்டுக்குக் காபி குடிச்சிட்டு இருக்கீங்களே."

அவர் ஃபோனைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"நான் ஆபீஸ் ஆளு இல்லைங்கம்மா. நீங்க விழறதுக்கு முந்தின வாரம், கடை பூட்டியிருந்த அன்னிக்கு, இதே குழியில விழுந்து முட்டியைப் பேத்துக்கிட்டவன். யார் மேல கேஸ் போடறதுன்னுதான் இத்தனை நாளா தெரியாம இருந்துச்சு."