செவலை திரும்பி ஓடிய ஞாயிற்றுக்கிழமை

அல்லிநகரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் உரித்தாகட்டும், மாப்பிள்ளை அழகுமலை அவர்களுக்கு.

இத்தனை நாள் நான் பேசாமல் இருந்தது போதும். இங்கே நானும் என் மனைவி விஜியும் நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். அங்கே நீங்களும் என் தங்கை முனீஸ்வரியும் குழந்தை தேவயானியும் நலமாகத்தான் இருப்பீர்கள். திராட்சை நன்றாகக் காய்த்திருப்பதாகக் கேள்வி. மழை பெய்து பழம் வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெய்யாது. உங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் நடக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டியில் உங்கள் வீட்டு ஹாலில் என் செவலைக்கு நடந்தது தற்செயல் இல்லை. அது சதி. நாளைக்கு இந்தக் கடிதம் நாலு பெரிய மனிதர்கள் கைக்குப் போனாலும் போகலாம் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் அமெரிக்காவில் வீடு மாறும்போது வேண்டாததையெல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பினாரே, அதில் பழைய போர்வைக்கும் ஒற்றை ஷூவுக்கும் நடுவில் வந்து சேர்ந்தது அந்தத் தகரப் பலகை. பச்சை வர்ணம், குறுக்கே வெள்ளைக் கோடுகள், அடியில் ஒரு சின்ன மோட்டார். சுவிட்சைப் போட்டால் பலகை நடுங்கும், அந்த நடுக்கத்தில் கட்டை விரல் உயரப் பிளாஸ்டிக் ஆட்கள் தாங்களாகவே நகர்ந்து ஓடுவார்கள். எலெக்ட்ரிக் ஃபுட்பால் என்று பெட்டியில் போட்டிருந்தது. காலுக்கும் பந்துக்கும் சம்பந்தம் இல்லாத ஃபுட்பால்; கோவைக்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க்கட்சி ஆட்கள் பதினோரு பேர் அவனை மறிப்பார்கள். அடியில் நூற்றுப்பத்து வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பொறுங்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் நேராகச் சுவரில் சொருகினீர்கள். ஆட்கள் ஓடவில்லை, பறந்தார்கள். ஒருவன் என் காபியில் விழுந்தான். நான்தான் தேனிக்கு வந்து ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். அதற்கு ஒரு வார்த்தை நன்றி வந்ததா? வந்தது முனீஸ்வரிதான், ஒரு படி கொள்ளோடு. பலகையில் அதைக் கொட்டிச் சுவிட்சைப் போட்டுவிட்டு, "அண்ணே, கல்லு தனியா ஓடுது பாருண்ணே. இத நான் அடுப்படிக்கு எடுத்துக்கிறட்டுமா?" என்று கேட்டாள். இன்றைக்கு யோசித்தால் அன்றே கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

கூட வந்த விதிப் புத்தகத்தை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். நாலு வாய்ப்பில் பத்து கெஜம் முன்னேற வேண்டும் என்று உங்களுக்கும் உங்கள் சித்தப்பா மகன் சின்னக்கருப்புவுக்கும் எடுத்துச் சொன்னேன். சின்னக்கருப்பு கொட்டாவி விட்டார். நீங்கள் பந்து வைத்திருக்கும் சிவப்புச் சட்டைக்காரனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"மச்சான், பொஸ்தகத்த அங்கன வையுங்க. இவனப் பாருங்க. தோள்ல திமிலு. தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். ஒருத்தன் ஓடுறான், பதினோரு பேரு புடிக்க வர்றாக. இது என்னங்கிறீக? சல்லிக்கட்டு மச்சான்!"

தோளில் இருப்பது திமில் இல்லை, அடிபடாமல் இருக்க மாட்டியிருக்கும் மெத்தை என்று நான் சொன்னது யார் காதில் விழுந்தது? அந்த நிமிடத்திலிருந்து பலகையின் ஒரு முனை வாடிவாசல், மறு முனை எல்லைக்கோடு. பந்து வைத்திருப்பவன் மாடு; அந்தச் சிவப்புச் சட்டைக்காரன்தான் என் செவலை. வீரனின் முன்பக்கம் மாட்டின் மேல் பட்டால் பிடிமாடு, படாமல் கோட்டைத் தாண்டினால் மாடு வெற்றி. சின்னக்கருப்பு எவர்சில்வர் டம்ளரை மைக்காகப் பிடித்துக்கொண்டு, "வருது வருது, அல்லிநகரத்து மாடு வருது! படிச்ச மாடு! ஏலே, தொட்டுப் பாருங்கடா! தொட்டவனுக்குக் கட்டிலு பீரோ!" என்று கத்த, தெருவே ஜன்னலில் வந்து நின்றது. அமெரிக்காக்காரன் பார்த்தால் வழக்குப் போடுவான். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருந்தது.

அங்கேதான் எனக்குப் பிடித்தது சனியன். இந்த ஆட்களின் அடியில் நாலு மெல்லிய பிளாஸ்டிக் கால்கள் இருக்கின்றன. அவற்றின் சாய்வுதான் எல்லாம். பெட்டியிலிருந்து எடுத்தபடி விட்டால் எவனும் நேராக ஓட மாட்டான். நின்ற இடத்திலேயே செக்கு சுற்றுவான். கால்களை நேர் செய்வது ஒரு வித்தை. டவராவில் வெந்நீர் ஊற்றி, விஜி புருவம் திருத்தும் சாமணத்தால் ஒரு காலைப் பிடித்து முக்கி, இளகியதும் மயிரிழை பின்னுக்குச் சாய்த்து, பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, நகம் ராவும் அரத்தால் நுனியைத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கூடினால் இடது பக்கம் போவான், குறைந்தால் படுத்துக்கொள்வான். பலகையோ உங்கள் வீட்டில். எனவே இங்கே வாஷிங் மெஷின் மூடியில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். துணி பிழியும்போது வரும் நடுக்கம் கிட்டத்தட்ட அதே நடுக்கம்.

"தொவைச்ச துணியவே தெனமும் தொவைக்கிறீக," என்கிறாள் விஜி. "எனக்கு முட்டி வலிக்குதுன்னு எம்புட்டு நாளாச் சொல்றேன். பொம்மைக்குக் காலு அமுக்கி விடுறீக."

அவளுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்கும் புரியாது. பெரியகுளம் அலுவலகத்தில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன் இன்றைக்கு எனக்கு மேலதிகாரி. அவன் தப்பாக எழுதுவதற்கெல்லாம் சரி சார் என்று சொல்லி என் வாரம் போகிறது. வீட்டில் நான் வலது பக்கம் என்றால் எல்லாமே இடது பக்கம் போகிறது. உலகத்தில் ஒன்றே ஒன்று நான் சொன்ன திசையில் நேராகப் போகிறது, அது செவலை. அது போதும் என்று இருந்தேன். நீங்கள் வளர்ப்பதும் ஒரு மாடுதானே, அந்த வெள்ளைச் சட்டை மயிலை? ஒரு நாளாவது அதன் காலைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லால் ஒரு கடி கடித்துவிட்டு வைக்கிறீர்கள். அது ஓரமாகவே கோணிக்கொண்டு போய் எவன் கையிலும் சிக்காமல் கோட்டைத் தாண்டுகிறது. இதற்கு எந்த இயற்பியலிலும் விளக்கம் கிடையாது.

சரி. ஞாயிற்றுக்கிழமை. பஸ் குலுக்கலில் செவலையின் கால் கலைந்துவிடக் கூடாது என்று ஒரு கம்மல் டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் படுக்க வைத்து, தேனியிலிருந்து கம்பம் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டப்பா ஏது என்று கேட்பீர்கள். அது தேவயானிக்கு வாங்கிய கம்மலின் டப்பா. கம்மல் தாளில் மடித்து பீரோவில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஓட்டம். செவலை வாடிவாசலை விட்டுக் கிளம்பி, கோடு போட்ட மாதிரி நடுவில் வந்தது. இரண்டு பேர் விழுந்தார்கள். எல்லைக்கு நாலு விரல்தான் இருக்கும். உங்கள் டியூப்லைட் கண்ணைச் சிமிட்டியது. ஃபேன் தொய்ந்தது. பலகையின் நடுக்கம் குறைந்தது. செவலை தயங்கி நின்று, இடது பக்கம் திரும்பி, வந்த வழியே வாடிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. "மாடு வீட்டுக்குப் போயிருச்சு! தாகம் போலிருக்கு!" என்றார் சின்னக்கருப்பு. ஜன்னல் சிரித்தது. இரண்டாவது ஓட்டம், அதே இடம், அதே சிமிட்டல், அதே திரும்பல். மூன்றாவது முறை நான் மாட்டைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்த்தேன். செவலை எல்லையை நெருங்கும்போது உங்கள் கை சட்டைப் பைக்குப் போனது. பைக்குள் செல்போன். எதையோ அமுக்கினீர்கள். லைட் சிமிட்டியது.

திராட்சைத் தோட்டத்து மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறீர்கள். கட்டிலில் படுத்துக்கொண்டே ஒரு ரிங் விட்டால் தோட்டத்தில் தண்ணீர் பாயும் என்று பெருமையாகச் சொன்னவர் நீங்கள்தான். மோட்டார் ஓட ஆரம்பித்தால் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் விழும், வோல்டேஜ் விழுந்தால் பலகையின் நடுக்கம் விழும், முழு நடுக்கத்துக்குக் கால் பழக்கிய செவலை திரும்பும். இதைக் கண்டுபிடிக்க எம்.எஸ்சி. தேவையில்லை. இருந்தாலும் என்னிடம் அது இருக்கிறது. உங்கள் புதுமனைப் புகுவிழாப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் அதை விட்டுவிட்டு, சின்னக்கருப்பு பெயருக்குப் பின்னால் டிப்ளமாவை மறக்காமல் போட்டிருந்தீர்கள். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சாப்பிடாமல் எழுந்து வந்தேன். "இருங்க மச்சான், ஒரு விஷயம்," என்று வாசல் வரை வந்தீர்கள். என்ன விஷயம் இருக்கப் போகிறது என்று நடந்தேன்.

மாடு போகட்டும் மாப்பிள்ளை. தகரத்தை நினைத்து அழுகிற வயசு எனக்கு இல்லை. கம்பம் பஸ்ஸில் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னண்ணே, மருமகளுக்குக் காது குத்தாம்ல? கம்பத்துல பத்திரிகை அடிக்கக் குடுத்திருக்காக. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்று சொன்னேன். பொய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாய்மாமன் நான் ஒருவன் இருக்கிறேன். என்னிடம் நாள் கேட்கவில்லை, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. குலதெய்வக் கோயிலில் மொட்டையெடுத்து, அந்தக் குழந்தையை யார் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதாக உத்தேசம்? சின்னக்கருப்பு மடியிலா? அவர் டம்ளரைக் கீழே வைப்பாரா? குழந்தை அழுதால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் அழும், அதுவாவது உங்களுக்குத் தெரியுமா?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் ஞாயிற்றுக்கிழமை சுருளிப்பட்டிக்கு வரமாட்டேன். காதுகுத்துக்கும் வரமாட்டேன். கம்மலைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். செவலை இனி வாஷிங் மெஷினிலேயே ஓடி ஓயட்டும். பலகையை முனீஸ்வரியிடம் கொடுத்துவிடுங்கள், கொள்ளாவது சுத்தமாகும்.

குழந்தைக்கு என் ஆசிகள், நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இருக்க வேண்டும். தங்கைக்கு என் அன்பு. திராட்சைக்கும் என் நல்வாழ்த்துகள். சின்னக்கருப்புவுக்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே பெயர் எழுதப் பேனாவை வைத்தபோது போன் அடித்தது. முனீஸ்வரி.

"அண்ணே, ஞாயித்துக்கெழம சாப்புடாமக் கெளம்பிட்ட. நாட்டுக்கோழி அப்படியே கெடந்துச்சு. யாருக்கும் எறங்கல."

நான் தங்கையென்றும் பார்க்காமல் மோட்டார் விஷயத்தை நேராகக் கேட்டேன்.

"எந்த மோட்டாரு? அது எரிஞ்சு போயி கம்பத்துல காயில் கட்டக் கெடக்குண்ணே. பக்கத்துத் தோட்டத்துல தண்ணி கேட்டுல்ல பாய்ச்சுறாக."

"அப்போ லைட் ஏன் சிமிட்டுச்சு?"

"நான் மிக்ஸி போட்டேன். ஒனக்குத்தான் மசாலா அரைச்சேன். ஒரே வாட்டில அரைபடல, மூணு வாட்டி போட்டேன். எங்க வீட்டு ஒயரிங் அப்படி."

"மாப்பிள்ளை பையில கைய விட்டாரே?"

"அது பிரஸ்காரன்ணே! பத்திரிகைல தாய்மாமன்னு ஒம் பேரத்தான் மொதல்ல போட்டிருக்கு. பேருக்குப் பின்னாடி என்ன படிப்புப் போடணும்னு கேட்டு விடாம அடிக்கிறான். போன தடவ விட்டுட்டோம்னு நீ இன்னும் மொகத்தத் தூக்கி வச்சிருக்கியே. நாளும் ஒன்னையக் கேட்டுத்தான் போடணும்னு எடம் விட்டு வச்சிருக்காக. செவலை ஜெயிச்சா ஒம் மொகம் நல்லா இருக்கும், அப்பக் கேட்போம்னு போனக் கட் பண்ணிக்கிட்டே இருந்தாக. நீ எங்கன ஜெயிச்ச?"

பின்னால் உங்கள் குரல் கேட்டது. "மச்சான் கோவமா இருக்காகளா?" என்று கேட்டீர்கள். "எப்பத்தான் இல்ல?" என்றாள் என் தங்கை.

மிக்ஸி என்பதால் குற்றம் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஓட்டம் நடக்கும்போது மசாலா அரைக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பேசுவதற்காக மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கோழி மிச்சம் இருக்காது என்று தெரியும், வேறு வாங்கிக்கொள்ளலாம். நாள் குறிக்கக் காலண்டரை எடுத்து வைத்திருக்கிறேன். டப்பாவில் இந்த முறை கம்மல்தான் வரும். செவலைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, உறையில் தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது. அதனால் ஒரு வழி செய்கிறேன். பெயர் போடாமல் அனுப்புகிறேன். வந்ததும் பத்திரமாக வைத்திருந்து ஞாயிற்றுக்கிழமை என்னிடம் காட்டுங்கள். எந்த வேலையற்றவன் எழுதினான் என்று நானும் சேர்ந்து திட்டுகிறேன். பிரஸ்காரரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: எம்.எஸ்சி., இயற்பியல். எஸ்சுக்குப் பின்னால் புள்ளி வைக்கக் கூடாது. யார் பெயருக்குப் பின்னால் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதம் கையெழுத்தில்லாமல்தான் பெட்டியில் விழப்போகிறது.