சண்டை மெஷினுக்குச் சேர்த்த கூட்டம்

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் வருவதில்லை. ஷிப்மெண்ட் இல்லாதவர்களுக்குத்தான் வரும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும், எத்தனை பேர் வருவார்கள் என்பதை அழைப்பவர் முடிவு செய்ய முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கண்டெய்னர் லாரிதான் முடிவு செய்யும். அந்த ஊரில் சில வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கேம் போட்டி வைத்தேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பியவன் லாரியில் கிளீனராக ஓடினேன், பல்லடத்தில் கோழிப்பண்ணையில் இருந்தேன், பிறகு சாயப்பட்டறை (என் கை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை ஜெர்மனியில் யாரோ முடிவு செய்த காலம் அது), அதன் பிறகு பனியன் கம்பெனி. எங்கேயும் ஒரு வருடம் தாண்டவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஜாபர் பாயின் வீடியோ கேம் கடையில் வந்து நின்றேன். காயின் கொடுப்பது, காயின் சிக்கிக்கொண்டால் மெஷினை ஓங்கிக் குத்துவது, சண்டை வந்தால் விலக்குவது என் வேலை. மெஷின்களுக்குப் பின்னால் இருந்த சந்தில் படுத்துக்கொள்வேன். மார்கழிக் குளிருக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும்.

ஜாபர் பாயின் உண்மையான தொழில் பனியன் துணி வேஸ்ட். கட்டிங்கில் விழும் துண்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி விற்பார். வீடியோ கேம் அவருக்கு ஒரு சபலம், அவ்வளவுதான். கடையில் ஓட்டுவதற்கு ஒரு கார் மெஷின், சுடுவதற்கு ஒரு மெஷின், இரண்டு பேர் மோதிக்கொள்ள ஒரு சண்டை மெஷின். கூட்டம் வந்தது சண்டை மெஷினுக்கு மட்டும். திரையில் அடித்துக்கொள்ளும் ஆட்களுக்கு எங்கள் பையன்களே பெயர் வைத்திருந்தார்கள். எட்டி உதைப்பவன் கட்டிங் மாஸ்டர். குட்டையாக, எதையும் பாஸ் பண்ணாத முகத்தோடு இருப்பவன் குவாலிட்டி கண்ட்ரோல். குவாலிட்டி கண்ட்ரோலை அடித்து வீழ்த்தத்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

அந்தக் கடையில் நான் கற்ற ஒரே கல்வி, ஆள் வரத்து. சனிக்கிழமை சம்பளம் என்பதால் அன்று மாலை நெரிசல். திங்கட்கிழமை ஈ. தீபாவளி போனஸ் வாரத்தில் நிற்க இடமிருக்காது, அடுத்த வாரம் தெற்கத்தி ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட, கடையில் நானும் ஒரு பல்லியும். கரண்ட் போனால் கம்பெனிகளில் வேலை நின்று எல்லோரும் கடைக்கு ஓடி வருவார்கள். வந்து இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு நேரம் கிடைக்கக் கரண்ட் போக வேண்டும், எங்களுக்கு மெஷின் ஓடக் கரண்ட் வர வேண்டும். இதற்கு இன்றுவரை யாரும் வழி சொல்லவில்லை.

சண்டை மெஷின் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருடையது. வாடகைக்கு வைத்திருந்தார். நடு வாரத்தில் மெஷின் சும்மா கிடக்கிறது, வேறு ஊருக்கு மாற்றப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். பாய் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கெழம பதினொரு மணிக்கு அவரே நேர்ல வர்றாருப்பா. கூட்டத்தப் பாத்தா மெஷின விட்டுட்டுப் போவாரு. இல்லீனா ஏத்திட்டுப் போயிருவாரு."

"போனா என்ன பண்ணுவீக பாய்?"

"நான் என்ன பண்றது. கடைக்குள்ள வேஸ்ட் மூட்டைய அடுக்கிருவேன். நீ எங்க படுப்பேன்னு யோசிச்சுக்க."

யோசித்தேன். அதனால் போட்டி.

இதற்கு முன்பும் இரண்டு முறை போட்டி வைத்திருந்தேன். முதல் முறை ஓரளவு வந்தார்கள். இரண்டாவதில் பாதிகூட இல்லை. காரணம் எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் துணியை மடித்துக் கொடுத்து, தைத்ததை எடுத்து அடுக்கும் பையனைக் கைமடி என்பார்கள். முதல் போட்டியில் ஒரு கைமடிப் பையன் தன் டெய்லரையே மூன்று நிமிடத்தில் சாய்த்துவிட்டான். திங்கட்கிழமை அந்த டெய்லர் தையல் மெஷினை வேகமாக ஓட்டினார். பையன் ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியவில்லை. வாரம் முழுக்க இப்படி. அதன் பிறகு எந்தக் கைமடியும் டெய்லரை அடிக்கத் துணியவில்லை. எதிரே டெய்லர் நின்றால் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்கினார்கள். பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிட்டது, ஆள் வரத்து சரிந்தது.

மூன்றாவதற்கு நான் ஒரு திட்டம் போட்டேன் (அந்த வயதில் நான் போட்ட திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பீடிகை இருக்கும்). தொழில்வாரியாகப் பிரித்துவிடுவது. ஓவர்லாக் என்ற தையல் மெஷின் ஓட்டும் டெய்லர்கள் அவர்களுக்குள், பேட்லாக் மெஷின் ஓட்டும் டெய்லர்கள் அவர்களுக்குள், கைமடிகள் தனியாக. யாரும் தன் முதலாளியை அடிக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுக்க டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. நாற்பது பேருக்குக் குறையாது. சைக்கிள்கள் ரோட்டைப் பாதி அடைத்திருந்தன. எனக்குக் குரல் தானாகவே தடித்துவிட்டது.

"ஓவர்லாக்கெல்லாம் செவுத்தோரம். பேட்லாக் போஸ்ட் மரத்துக்கிட்ட. கைமடி முன்னால, குத்த வச்சு உக்காரு. ஏல, நீ எதுல வேல பாக்க? அயர்னா? அயர்ன் போட்டில இல்ல. சரி, பேட்லாக்ல நில்லு."

மூன்று வரிசை. நூல் பிடித்ததுபோல் நின்றார்கள். வேலைக்கு நிற்கப் பழகிய ஆட்கள், சொன்னால் நிற்பார்கள்.

அப்போது ஒரு பெண் வந்து கைமடி வரிசையிலிருந்த எட்வின் என்ற பையனின் காதைப் பிடித்தாள். அவனுடைய அக்கா ஸ்டெல்லா, செக்கிங் வேலை பார்ப்பவள். தூத்துக்குடிப் பக்கம்.

"கோயில் முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரணும்னு சொன்னேம்லா? இங்க என்ன, அரிசி போடுறாவளா?"

"போட்டிக்கா. ஒரே ஒரு ஆட்டம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இந்தக் கூட்டத்துக்கு நீங்கதான் தலைவரா?"

"அமைப்பாளர்" என்றேன். (அந்த வார்த்தையைச் சுவரொட்டியில் பார்த்திருந்தேன்.)

அதற்குள் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அக்குளில் பை. இறங்கியவர் வரிசைகளைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கோயம்புத்தூர்க்காரரை நான் பார்த்ததில்லை. வேனோடு வந்திருக்கிறார் என்றால், கூட்டம் இல்லாவிட்டால் மெஷினை ஏற்றத்தான் என்று புரிந்துகொண்டேன். ஓடிப்போய்க் கும்பிட்டேன்.

"ஏனுங் தம்பி, இத்தன பேரும் உங்க ஆளுங்களாங்க?"

"ஆமாங்க. எல்லாம் நான் சேத்ததுங்க."

"இதென்னுங்க, தனித்தனியா நிக்கறாங்க?"

"இது ஓவர்லாக், அது பேட்லாக், முன்னால கைமடி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கக் கூடாதுன்னு பிரிச்சு வச்சிருக்கேங்க."

அவர் முகத்தில் வந்த பரவசத்தை நான் மறக்கவில்லை. "எத்தன நேரம் தாக்குப்புடிப்பாங்க?"

"விட்டா சாயங்காலம் வரைக்கும் நகர மாட்டாகங்க."

"சாமி, நீங்க நல்லா இருக்கோணும்" என்று என் கையைப் பிடித்தார். மெஷின் தப்பியது, என் படுக்கையும் தப்பியது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் வரிசைகளின் பக்கம் திரும்பினார்.

"கண்ணுகளா, அருள்புரத்துல கண்டெய்னர் வந்து நிக்குதுங்க. இன்னிக்குத் தெச்சு ஏத்தியாகோணும். டபுள் சம்பளம், மத்தியானம் பிரியாணி, பொழுதோட வேன்லயே கொண்டாந்து உட்டர்றேன். வர்றவீக ஏறிக்குங்க."

அவர் கோயம்புத்தூர்க்காரர் இல்லை. குப்புசாமி என்ற லேபர் காண்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காமல் காலையிலிருந்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ரோட்டோரம் ரகம் பிரித்து நிறுத்தியிருந்த ஒரு முழுத் தையல் பேட்ச்சைக் கண்டிருக்கிறார். டபுள் சம்பளத்துக்கும் பிரியாணிக்கும் எதிராக ஒரு குவாலிட்டி கண்ட்ரோலால் என்ன செய்ய முடியும். வரிசை கலையாமல் ஏறினார்கள். நான்தான் வரிசைப்படுத்தியிருந்தேனே, தள்ளுமுள்ளு எதுவும் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்ததால் கைமடிகளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது, அக்காவின் கையிலிருந்து காதை உருவிக்கொண்டு ஏறிய எட்வினுக்கும். மீதிப் பேர் டாப்பில்.

"அண்ணாச்சி, இது போட்டிக்கு வந்த கூட்டம்" என்று வேனைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அப்படீங்களா, வேற காண்ட்ராக்டர் ஆராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டவர் டிரைவரின் தோளைத் தட்டினார். "சீக்கிரம் எடுறா."

வேன் போனது. அயர்ன்காரன் டாப்பிலிருந்து எனக்குக் கை காட்டினான். வாசலில் மிஞ்சியது சைக்கிள்களும் நானும் ஸ்டெல்லாவும்.

"எந் தம்பிய எங்க அனுப்புனீக?"

"பிரியாணி சாப்பிடத்தான். சாயங்காலம் வந்துருவான்."

"நான் அவனுக்கு மீன் வாங்கி வச்சிருக்கேன். அத யாரு திங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்லும் நேரம் இல்லை. ரோட்டு முனையில் ஜாபர் பாயின் ஸ்கூட்டர் தெரிந்தது, பின்னால் ஒருவர்.

"ஏங்க, உங்களக் கும்புடுறேன். அஞ்சு நிமிஷம் இந்த மெஷின் முன்னால நில்லுங்க. யாருமே இல்லன்னா இதத் தூக்கிட்டுப் போயிருவாக."

"நான் நின்னா ஒரு ஆளுதான இருக்கும்?"

"நானும் நிப்பேன். ரெண்டு."

என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, வந்து நின்றாள். அவளுக்கு ஆடத் தெரியாது. எல்லாப் பட்டனையும் ஒன்றாக அமுக்கினாள். துணியில் ஓட்டையைத் தேடித் தேடி விரலை ஓட்டும் செக்கிங் கை அது, எந்தப் பட்டனும் தப்பவில்லை. பாயும் கோயம்புத்தூர்க்காரரும் உள்ளே நுழைந்தபோது, ராத்திரி பகலாக அந்தக் கடையிலேயே குடியிருந்த நான் திரையில் இரண்டாவது முறையாக விழுந்துகொண்டிருந்தேன்.

"போட்டின்னீங்களே?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"முதல் ரவுண்டு போயிட்டிருக்குங்க."

"மத்தவங்கெல்லாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு வேலைக்கு அனுப்பிட்டாரு."

பாய் என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அங்கேயே கேட்டார். "ஏப்பா, நான் கூட்டத்தச் சேக்கச் சொன்னனா, ஏத்தி உடச் சொன்னனா?"

கோயம்புத்தூர்க்காரர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. ஒரு டெம்போவை வரவழைத்தார். மெஷினைத் தூக்க நான்கு பேர் வேண்டும். தெருவில் தேடினால் ஆள் இல்லை. எல்லோரும் அருள்புரத்தில். பாய் ஒரு மூலை, டெம்போ டிரைவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, நான்காவது மூலையை ஸ்டெல்லா பிடித்தாள். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாக, சுத்தமாகத் தெரிந்தது. மதியத்துக்குள் பாய் அதன்மேல் நாலு மூட்டை வேஸ்ட் இறக்கிவிட்டார்.

சாயங்காலம் வேன் திரும்பி வந்தது. தலையெல்லாம் பஞ்சு, பையில் டபுள் சம்பளம். கைகால்கூடக் கழுவாமல் போட்டி ஆரம்பிக்கலாம் என்று உள்ளே வந்தார்கள். அருள்புரத்திலிருந்து புதிதாக இருபது பேரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் கடையின் சரித்திரத்திலேயே அவ்வளவு பெரிய கூட்டம் வந்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். மூட்டைகளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "ஏண்ணா, நாங்க ஒரு நாள் இல்லீனா இப்படிப் பண்ணிப்போட்டீங்களே" என்று கோபித்துக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த ஞாயிறு குப்புசாமி அண்ணன் என்னைத் தேடி வந்தார். டீக்கடை பெஞ்சில் படுத்திருந்தேன். "உங்களாட்டம் ஆள் பிரிக்கத் தெரிஞ்சவீக ஆரும் இல்லீங்க" என்று கூட்டிப்போய் அவரிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிலில் இருந்தேன். நான் ஓரிடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை.

எட்வினை அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். பிறகு மன்னிப்புக் கேட்காமலும் போனேன். மூன்று வருடம் கழித்துக் கல்யாணம். அவள் வீட்டாருக்கு என் சாமி பிடிக்கவில்லை, என் வீட்டாருக்கு அவள் சாமி பிடிக்கவில்லை. சத்திரத்தில் மணி பத்தாகியும் எட்வினையும் ஜாபர் பாயையும் குப்புசாமி அண்ணனையும் தவிர ஒருவரும் இல்லை. ஸ்டெல்லா மணமேடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புசாமி அண்ணன் வெளியே போனார். அரை மணி நேரத்தில் இரண்டு வேன் வந்து நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷிப்மெண்டை நிறுத்திவிட்டு ஆட்களை அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அன்று அவருக்குக் கண்டெய்னர் தவறியது. அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

குரூப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னதும் அவர்கள் பழக்கத்தில் தாங்களாகவே பிரிந்து நின்றுவிட்டார்கள். அந்தப் படம் இன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. போன மாதம் என் மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, சொந்தம் பெரிசு போலிருக்கிறதே, யார் யார் என்று கேட்டார்கள். நான் பேச்சை மாற்றுவதற்குள் ஸ்டெல்லா எழுந்துபோய்ப் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்தப் பக்கம் இருக்கது ஓவர்லாக். அந்தப் பக்கம் பேட்லாக். முன்னால உக்காந்திருக்கது கைமடி. மாப்பிள்ள சொந்தம் எங்கன்னு கேட்டிங்கன்னா, இதோ, நடுவுல ஒத்தையா நிக்காரே குப்புசாமி அண்ணன், அவரு மட்டுந்தான்."