வெந்நீருக்கு வந்த சோதனை

உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு நின்ற கார்த்திகேசுவின் தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டியது.

"லெட்சுமி! ஹீட்டர் போட்டியா, இல்லியா?"

"ஆறு மணிக்கே போட்டாச்சுங்க!" சமையலறையிலிருந்து பதில் வந்தது.

குளியலறைச் சுவரின் உச்சியில் வெள்ளைப் பானை மாதிரி உட்கார்ந்திருந்த ஹீட்டரை அண்ணாந்து பார்த்தார். சிவப்பு விளக்கு எரியவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் கார்த்திகேசு. ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சுங்கை பினாங் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூரத்து மலைமேல் மேகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும். அதற்கும் "ம்" என்பதோடு சரி. மிச்சமிருந்த ஒரே சுகம் வெந்நீர்க் குளியல். கண்ணை மூடி ஆவிக்குள் நின்றால், அந்த மேகத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். இப்போது அதுவும் போச்சு.

துண்டோடு வெளியே வந்தவரிடம் லெட்சுமி கேட்டாள். "மூணாவது வீட்டு அக்மல் வயரிங் வேலதானே பாக்குறான். கூப்பிடவா?"

"ஃபேக்டரில நாலு பாய்லரக் கட்டி மேய்ச்சவன் நான். இந்தப் பானைக்கு ஒரு ஆளா? தேவையில்ல லா!"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினார். ஹீட்டர் தொட்டிக்குள் வண்டல் சேர்ந்திருக்கும், வடித்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு. அடியிலிருந்த வால்வைத் திருகினார். அசையவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு திருகு திருகினார். வால்வு கையோடு வந்துவிட்டது.

தொட்டித் தண்ணீர் மொத்தமும் அவர்மேல் இறங்கி, குளியலறை வாசலைத் தாண்டி, கூடம்வரை போனது. லெட்சுமியின் செருப்புகள் இரண்டும் ஜோடியாக மிதந்து வாசலை நோக்கிப் புறப்பட்டன. கார்த்திகேசு ஏணியிலேயே நின்று அவற்றைப் பார்த்தார். அக்கரைக்குப் போகும் ஃபெரி மாதிரியே இருந்தது.

"என்னங்க, அங்க நின்னு கனவா காணுறீங்க? தண்ணிய மூடுங்க!"

ஓடிப்போய் வீட்டுக்கு வரும் தண்ணீரையே மூடினார். அரிசி கழுவிக்கொண்டிருந்தவளுக்குக் குழாய் இருமிவிட்டு நின்றுபோனது.

கடைக்குப் போய்ப் புது வால்வு வாங்கி வந்தார். வந்த கையோடு பழைய குழாய்களையும் மாற்றிவிடலாமே என்று ஹீட்டருக்கும் ஷவருக்கும் டாய்லெட்டுக்கும் போகும் மூன்றையும் கழற்றினார். மூன்றும் ஒரே நீளம், ஒரே நிறம். மாட்டும்போது மனசு மேகத்துக்குப் போய்விட்டது.

கடைசியாக ஹீட்டரின் மூடியைத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. உள்ளே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அடிமட்டத்தில் கிடந்தது. அதிர்விலேயே இறங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மேலே திருகிவிட்டு, மூடியை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது!

"லெட்சுமி, டீ போடு! அரை மணி நேரத்தில சுடுதண்ணி!"

அரை மணி கழித்து ஷவரைத் திறந்தார். பச்சைத் தண்ணீர். தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார். லெட்சுமி உள்ளே போனாள். ஃப்ளஷ் இழுக்கும் சத்தம் கேட்டது. கூடவே ஓர் அலறல்.

"ஐயோ! டாய்லெட் கொதிக்குதுங்க!"

குழாய் மாறிப்போயிருந்தது. டாய்லெட்டிலிருந்து வெள்ளை ஆவி மெல்லச் சுருண்டு எழுந்து, ஜன்னல் வெயிலில் கரைந்தது. கார்த்திகேசு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம மலை மாதிரியே இருக்குல்ல?"

லெட்சுமி முறைக்கப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன.

அலறல் கேட்டு அக்மல் வாசலுக்கு வந்துவிட்டான். "அண்ணே, நான் பாக்கட்டுமா?"

"நீ போ தம்பி! என் வீட்டு ஹீட்டர் எனக்குத் தெரியாதா?"

இந்தத் தடவை குழாய்களில் நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டார். ஒரு மறை கழலவிடாமல் பார்த்துப் பார்த்து முறுக்கினார். "டார்ச்சப் பிடி", "ஸ்பேனர எடு", "தள்ளி நில்லு" என்று வாய் ஓயவில்லை. இரண்டு டீ குடித்தார். பசிக்கிறது என்று அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஷவரைத் திறந்தார். வெந்நீர்!

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆவி மெல்ல எழுந்து அவரை மூடியது. மேகத்துக்குள் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் இன்று எங்கும் மிதந்து போகவில்லை. கால் இரண்டும் தரையில் அழுத்தமாக நின்றன. நாளைக்கு அந்தச் சமையலறைக் குழாயையும் ஒரு கை பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சீட்டியடித்தபடியே ஷவரை மூடினார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றதும், பின்பக்க ஜன்னல் வழியாக அக்மலின் குரல் தாழ்ந்து கேட்டது.

"அண்ணன் குமிழக் கண்டுபிடிச்சிட்டாரு போல, அக்கா. அடுத்த வாரம் எதக் கெடுத்து வைக்கட்டும்? வாஷிங் மெஷினா, ஃபேனா?"