ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்வதில்லை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணின் தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, கல்யாணப் பெண் மூவரும் நல்ல வெயிலில் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் மலைக்குளிரில் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அக்டோபர் மூன்றாம் ஞாயிறு மழைக்காலத்தில் வருகிறதே, திறந்த மைதானத்தில் கல்யாணம் வைத்தால் எல்லோரும் தெப்பமாக நனைந்துபோவோமே, பேசாமல் இங்கே மலையில் எங்கள் ஊர் மண்டபத்திலேயே நடத்திவிடலாமே, யோசித்து முடிவு சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. கல்யாணம் எங்கள் ஊரில்தான், பள்ளி மைதானத்தில்தான். எனக்கு இருப்பது ஒரே பெண். சைக்கிள் பழகியபோது அந்த மைதானத்தில்தான் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். அவளை இந்த ஊரிலிருந்துதான் அனுப்பிவைப்பேன். எங்கள் ஊரில் மண்டபம் இல்லையே என்றால், தேவைப்படவில்லை, அதனால் கட்டவில்லை. மழையைப் பற்றி என்னிடமே கேட்கிறீர்களே, சம்பந்தி! வட்டார மழைப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். எங்கள் மழைமானிக்காரர் காலை எட்டரை மணிக்குப் பின்கட்டு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து சீட்டில் குறித்துத் தருவார், அதை நான் பேரேட்டில் ஏற்றுவேன். இந்த வட்டாரத்தில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் என் கையெழுத்தில் இருக்கிறது.

எங்கள் வட்டாரத்துப் பருவங்களைத் தங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் இதமான வெயில், அப்போது ஊரார் சால்வை போர்த்திக்கொண்டு குளிர் குளிர் என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். மார்ச்சில் வெயில் வேலையை ஆரம்பிக்கும், மே மாதம் மொட்டைமாடிக் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், ஜூலையில் காற்று கிளம்பி அடுத்த ஊர்ப் புழுதியை எல்லாம் எங்கள் வீட்டு அலமாரிக்குள் கொண்டுவந்து அடுக்கும். செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் மழை. அதுவும் ஒழுங்கான மழை. மத்தியானம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், நான்குக்குக் கொட்டும், ஐந்தரைக்கு எதுவும் நடக்காதது போல வெயில் அடிக்கும். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஒருவரும் நனையமாட்டார்கள்.

இந்த மாதம் மட்டும் சிலர் நனைந்தார்கள் என்பது உண்மை. யாராவது தங்களிடம் திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். சலவைக்காரர் என்னைக் கேட்டுத்தான் விடுதிப் போர்வை நாற்பதைக் கொடியில் போட்டார், நானும் தைரியமாகப் போடச் சொன்னேன், அரை மணியில் தூறல் பிடித்துக்கொண்டது. ஆனால் அது இரண்டு மில்லிமீட்டர்தான். எங்கள் அலுவலக விதிப்படி இரண்டரைக்குக் குறைந்தால் அது மழை நாளே இல்லை. இதை நான் பொறுமையாக விளக்கினால் அந்த மனிதர், “மழை நாள் இல்லேன்னா என் போர்வை ஏன் சார் சொட்டுது?” என்று கேட்கிறார். விதி தெரியாதவரிடம் என்ன பேசுவது? அடுத்தது பெயிண்டர். கல்யாண வீடாயிற்றே என்று முன்சுவருக்கு நீலம் அடிக்கச் சொன்னேன், புதன்கிழமை சாயங்காலம் அடித்து முடித்தார், முடித்த கையோடு மழை வந்து சுவரைக் கழுவிவிட்டது. புதன்கிழமை நான் மழை வராது என்று சொன்னது பொய்த்துப்போனதாகத் தெருவே பேசுகிறது. அது மறுநாள் காலை எட்டரைக்கு அளக்கப்பட்ட மழை, ஆகவே கணக்கின்படி வியாழக்கிழமை மழை, புதன்கிழமை சுத்தம். பெயிண்டரோ, “எந்தக் கிழமையா இருந்தா என்ன சார், சுவரு ரோட்டுல ஓடுது!” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். தெருமுனை வரைக்கும் நீலமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

மூன்றாவது தங்களைக் கொஞ்சம் தொடுகிற விஷயம். அழைப்பிதழ்கள் அச்சகத்திலிருந்து ஈர மையோடு வந்தன, மொட்டைமாடியில் காயப்போட்டேன், என் பெண் ஓடிவந்து, “அப்பா, கருகருன்னு வருதுப்பா, எடுத்துடலாம்பா” என்றாள், நான் “அது நமக்கு வர்ற மேகம் இல்லம்மா” என்றேன். அதற்குள் வந்துவிட்டது. தங்கள் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளையின் பட்டங்கள் மட்டும் அழிந்துவிட்டன. படிப்பு அவரிடம்தானே இருக்கிறது, அட்டையில் போனால் என்ன என்று என் பெண்ணைத் தேற்றினேன். அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். எனக்குத்தான் மனசு என்னவோ போல ஆகிவிட்டது.

இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது, இவை மூன்றும் வார நாட்கள். இப்போது என் கண்டுபிடிப்பைச் சொல்கிறேன், உட்கார்ந்துகொள்ளுங்கள். போன வாரம் பேரேடு முழுவதையும் அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இந்த வட்டாரத்தில் மழை பெய்யவில்லை! ஒரு சொட்டு கிடையாது. ஞாயிறு என்றால் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், எல்லாம் என் கையால் சிவப்பு மையில் போட்டது. அதற்கு ஈடுகட்டுவது போலத் திங்கட்கிழமைகளில் இரண்டு பங்கு பெய்திருக்கிறது. காரணம் என்னவென்று விஞ்ஞானிகள்தான் சொல்ல வேண்டும். என் மனைவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. “போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை அடுப்படி ஒழுகி நான் பாத்திரம் பாத்திரமா வெச்சேனே, அது என்ன? நீங்க மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா சாயங்காலம்தான் கண்ணு முழிப்பீங்க, வெளியில நடக்குறது உங்களுக்கெங்க தெரியும்?” என்கிறாள். பதிவாகாத மழை எப்படி ஒழுகும் சம்பந்தி? மேல்நிலைத் தொட்டிக் குழாயில் ஏதோ விரிசல். பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே மூன்றாம் ஞாயிறு, பள்ளி மைதானம், முந்நூறு நாற்காலி, தலைக்கு மேல் வெறும் வானம். ஒரு குடைகூட எடுத்துவர வேண்டாம் என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லவும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு அன்பு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
தலைமை எழுத்தர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போட எங்கள் பழைய மழைமானிக்காரர் வந்தார். பெருமைக்காக அவருக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். தலையைச் சொறிந்துகொண்டே கேட்டவர், “சார், ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு சார்” என்றார். “அப்போ அன்னைக்குப் பெஞ்ச மழை?” என்றேன். “அது மானிக்குள்ளயே கிடக்கும் சார். திங்கக்கிழமை வந்து ரெண்டையும் சேர்த்து அளப்பேன். சீட்டுல ஞாயிறுக்கு ஒரு கோடு போட்டுக் கொடுப்பேனே, கோடுன்னா லீவு சார்” என்றார். அந்தக் கோட்டைத்தான் நான் முப்பத்தொரு வருடமாக அழகாகப் பூஜ்யமாக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். கணக்கைச் சரிசெய்து பார்த்தால், அக்டோபர் ஞாயிறுகளில் பாதிக்குமேல் மழையாக இருந்திருக்கும்போல. முதலில் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் திங்கட்கிழமை வைத்தால் என்ன, அன்றைக்குப் பெய்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மழைதானே என்று ஒரு பக்கம் எழுதி, அதைக் கிழித்தேன். மழையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சம்பந்தி. என் பெண் என் ஊரிலிருந்து கிளம்ப வேண்டும் என்கிற ஆசைதான் இத்தனை பக்கமும் எழுத வைத்தது. தாங்கள் மண்டபம்தான் என்றால் நான் மறுபேச்சுப் பேசாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். கூட நின்று நனைவதற்குச் சம்மதம் என்றால், ஒரு வரி எழுதுங்கள்.