பால்சாமி வண்டி தருவார்

உலகத்தில் கொடுப்பவர்கள் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருப்பதை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கூட்டத்தில் "இதற்கு யார் உதவ முன்வருகிறீர்கள்?" என்று கேட்டு முடிப்பதற்குள் இவர் எழுந்துவிடுவார். முகத்தில் தாராளம் வழியும், குரல் லேசாகத் தழுதழுக்கும், வலது கை தானாக மார்புக்குப் போகும், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரைச் சொல்வார். பிறகு உட்கார்ந்துவிடுவார்.

அடுத்தவர் கையால் அள்ளிக் கொடுக்கும் இந்த வள்ளல் இல்லாத ஊர் கிடையாது. அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் அவர் பெயர் மதலைமுத்து.

மதலைமுத்துவுக்குக் கோட்டைக்குப் போகிற வழியில் ஒரு மல்லாட்டை மண்டி இருந்தது. நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். விற்கிறவனின் மூட்டையும் அவருடையதல்ல, வாங்குகிறவனின் பணமும் அவருடையதல்ல. நடுவில் நின்று பேசியே பிழைப்பவர். அந்தப் பழக்கத்தை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் விட்டுவிட முடியுமா?

அறுவடை முடிந்ததும் மாதா கோயிலில் பங்குச் சாமியார் தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார். விளைந்ததில் பத்தில் ஒன்று கடவுளுக்கு. மதலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்தக் காட்டில் எத்தனை மூட்டை என்பது மண்டிக்காரருக்குத் தெரியாதா? யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று பிரசங்கம் முடிவதற்குள் மனக்கணக்குப் போட்டுவிடுவார். பூசை முடிந்து வெளியே வந்ததும் கடலை போட்டிருக்கும் ராயம்மாளிடம், "ராயம்மா, உனக்கு இந்த வருஷம் நாலு மூட்டை வருது. சாமிக்கு ஆள் உட்டுச் சொல்லட்டுமா?" என்று பரிவோடு கேட்பார்.

அவருடைய தசமபாகம்? ராயம்மாள் ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டாள். மதலைமுத்து கோபித்துக்கொள்ளவில்லை. "பழைய ஏற்பாட்டுல தானியம் போட்டிருக்குது, எண்ணெய் போட்டிருக்குது, ஆடு மாடு கூடப் போட்டிருக்குது. கமிஷன்னு எங்கனா போட்டிருக்குதா?" என்றார். போடவில்லைதான்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில், ஏரிக்கரை ஓரத்தில் கூலிக்காரர்களின் குடிசைகள் நான்கு எரிந்து போயின. எல்லாரும் களத்து வேலைக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் காத்தாயி என்ற நடுவயதுக்காரியும் அவள் பெண்ணும் பேரப் பிள்ளைகளும், இன்னும் மூன்று குடும்பங்களும் கட்டிய துணியோடு புளிய மரத்தடியில் நின்றார்கள். எரிந்த குடிசைக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்ததா என்றெல்லாம் சாமியார் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரையும் எழுந்திருக்க விடாமல் விஷயத்தைச் சொன்னார். ஓலை வேண்டும், மூங்கில் வேண்டும், ஏற்றி வர வண்டி வேண்டும்.

மதலைமுத்து எழுந்தார். கை மார்புக்குப் போனது.

"சாமி, ஒண்ணும் கவலைப்படாதீங்க. பால்சாமி ஒரு வாரத்துக்கு வண்டி தருவாரு. ராயம்மா தோப்புல பனை ஓலை வெட்டிக்கலாம். மூங்கிலுக்கு ஜெயராமன் இருக்காரு."

பால்சாமி வாடகை வண்டி ஓட்டுகிறவர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்கு அடுப்பு யோசித்துத்தான் எரியும். ஒரு வாரம் என்று காதில் விழுந்ததும் அவர் வாயைத் திறந்தார். சாமியார் முகம் மலர்ந்து அவரைப் பார்த்தார். பால்சாமி வாயை மூடிக்கொண்டார். மூங்கில் கடை ஜெயராமனோ அந்த இடத்திலேயே இல்லை. அவர் அந்தப் பங்கும் இல்லை, அந்த மதமும் இல்லை. மாதம் தவறாமல் அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். அதனால் என்ன? அடுத்தவர் பொருளைக் கொடுப்பதில் மதலைமுத்து மத வித்தியாசம் பார்த்ததே கிடையாது.

"நல்லது. குடிசை கட்டி முடியிற வரைக்கும் இவங்க தங்க ஓர் இடம் வேணுமே" என்றார் சாமியார்.

மதலைமுத்து கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். யாருக்குப் பெரிய வீடு என்று அவர் கண் தேடிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எங்க மண்டிக் கொட்டா சும்மாத்தான் கெடக்குது சாமி. அங்க தங்கிக்கட்டும். அடுப்புக்கு எங்க வூட்டுப் பின்கட்டு இருக்குது."

பேசியது பாக்கியம். மதலைமுத்துவின் மனைவி. இருபது வருஷமாகக் கிணற்றடியில் ஊர்ப் பெண்களின் கடுத்த முகத்தைப் பார்த்துத் தண்ணீர் சேந்தியவள் அவள்தான், அவர் அல்ல.

சாமியார் மதலைமுத்துவைப் பார்த்தார். சாமியார் முகம் மலர்ந்தது. பால்சாமியும் பார்த்தார். அவர் முகம் இன்னும் அதிகமாக மலர்ந்தது. மார்பில் வைத்த கையை எடுக்க மறந்து மதலைமுத்து தலையை ஆட்டினார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: "ஒரு வார்த்தை என்னைக் கேட்டியா?"

"நீங்க பால்சாமியக் கேட்டீங்களா?" என்றாள் பாக்கியம். உள்ளே போய் உலை வைத்தாள்.

சொந்தப் பொருளைக் கொடுப்பது இப்படி உடம்பை வருத்தும் என்று மதலைமுத்துவுக்கு அதுவரை தெரியாது. சோறு இறங்கவில்லை. தராசு என்ன ஆகுமோ, கோணிச் சாக்குகள் என்ன ஆகுமோ, நாளைக்கு ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ, இவர்கள் போகாமலேயே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். கயிறு தேடினார். பூட்டு தேடினார். கடைசியில் தேட எதுவும் இல்லாமல் சும்மாவே நின்றார்.

நான்காம் நாள் காத்தாயி எதிரில் வந்தாள்.

"மொதலாளி, சாக்கு முப்பத்தேழு. தராசு ஒண்ணு, படிக்கல்லு அஞ்சு. தெனம் காலையில நானே பாத்து வச்சுடுறேன். நீங்க வெயில்ல அலையாதீங்க."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவரைச் சுட்டது. உள்ளே எட்டிப் பார்த்தார். முப்பத்தேழு சாக்கும் மடித்தபடியே அடுக்கியிருந்தன. பிள்ளைகள் வெறும் மண் தரையில் படுத்திருந்தன.

"சாக்க விரிச்சுக்கக் கூடாதா?"

"யாரும் சொல்லலயே மொதலாளி."

மதலைமுத்து அடுக்கிலிருந்து சாக்குகளை இழுத்துத் தானே தரையில் விரித்தார். பத்துச் சாக்கு விரித்தபின் மூச்சு வாங்கியது. அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டு கொட்டகையின் ஒரு மூலை ஒழுகியபோது, வீட்டிலிருந்த தார்ப்பாயைத் தலையில் சுமந்து வந்தவரும் அவர்தான். நனைந்து நின்றவரைப் பார்த்து, "ஆள அனுப்பியிருக்கலாமே" என்றாள் பாக்கியம். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவருக்கே ஆச்சரியம். ராத்திரி சோறு ருசித்தது.

பன்னிரண்டாம் நாள் நான்கு குடிசைகளும் எழுந்துவிட்டன. அடுத்த ஞாயிறு சாமியார் நன்றி சொன்னார். வண்டி தந்த பால்சாமிக்கு. ஓலை தந்த ராயம்மாளுக்கு. கேட்டதும் மறுக்காமல் மூங்கில் அனுப்பிய ஜெயராமனுக்கு. மதலைமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தங்க இடம் தந்த பாக்கியத்தம்மாளுக்கு" என்று முடித்தார் சாமியார்.

வீட்டுக்கு வரும் வழியில் மதலைமுத்து கொஞ்சம் பரிதாபமாகவே கேட்டார்: "கொட்டா என்னுதுதான?"

"உங்களுதுதான்."

"தார்ப்பா நான்தான தூக்கினேன்?"

"நீங்கதான். பால்சாமி வண்டியும் பால்சாமியுதுதான். இத்தினி வருஷமா யாரு பேர் வாங்கினது?"

அந்த வாரமே மதலைமுத்து பால்சாமியை மண்டிக்குக் கூப்பிட்டு, விழுப்புரம் லோடு மூன்றை அவருக்கே கொடுத்தார். பேரம் பேசவில்லை. பால்சாமி வண்டிக்குப் போய்ச் சேரும் வரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆள் மாறிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஐப்பசி மழையில் கோயில் கூரை ஒழுகியது. சாமியார் ஓடு வாங்க உதவி கேட்டார். மதலைமுத்து எழுந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என் பங்கா இருநூறு ஓடு" என்றார் அவர்.

குனிந்த தலைகள் மெல்ல நிமிர்ந்தன. மதலைமுத்துவின் கண் பழக்க தோஷத்தில் பால்சாமி மேல் போய் நின்றது. உதடு அசைந்தது.

"பால்சாமி... பால்சாமியோடத அவரே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டு, உடனே பாதி எழுந்து, "ஜெயராமன்கிட்ட மட்டும் நான் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்குறேன் சாமி" என்றார்.

பெண்கள் பக்கத்தில் பாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருபது வருஷ நோய்க்கு ஆறு மாதத்தில் இவ்வளவு குணம் போதாதா?

மதலைமுத்து செஞ்சிக்காரர், அவரால் நமக்குத் தொந்தரவு இல்லை என்று நீங்கள் நிம்மதியாகப் புத்தகத்தை மூடலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மூடுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அடடா, இதை அவருக்கல்லவா படித்துக் காட்ட வேண்டும்" என்று ஒருவர் முகம் உங்கள் மனத்தில் வந்து போயிற்றே, அது யாருடையது? அந்தப் பெயரை இப்போதே உரக்கச் சொல்ல வேண்டும்போல இருக்கிறதா? எழுந்து நின்று சொல்லுங்கள். கை மார்பில் இருக்கட்டும்.