ஊதுகுழலில் ஒரு புஷ்

பதினொரு மணிக்கு ஆபீசர் வருகிறார். இப்போதே எட்டரை. கவுஸ் பாஷா காருக்குள் குப்புற விழுந்து, தரைப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கியர் ராடின் அடியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

"கெடச்சுதுங்களா பாய்?" என்று சமையற்கட்டு வாசலிலிருந்து கேட்டாள் குள்ளம்மாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் சோறு ஆக்குகிறவள்.

விரலோடு ஒரு பித்தளை வளையம் வந்தது. கியர் ராடை ஆடாமல் பிடித்து நிறுத்துகிற புஷ். மோதிரத் தடிமன் இருக்கவேண்டியது, காகிதமாகத் தேய்ந்து ஒரு பக்கம் பிளந்தும் கிடந்தது.

"தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாளு கிருஷ்ணகிரி போனேன். போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. வந்து பாத்தா கியரு கெழவி பல்லாட்டம் ஆடுது. நாலு நாள்ல பித்தள தேயுமாக்கா?"

"எனக்கென்னங்க தெரியும்?" குள்ளம்மாள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மொதலாளிதான் தீர்த்தமலைக்கு வேண்டுதலுக்குப் போயிருக்காரே. சாமி பாத்துக்கும். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருக்க முடியுமா? மண்டி முதலாளி பச்சியப்பன் போகும்போது சொன்னது இவ்வளவுதான்: ஆபீசர் வந்து காரைப் பார்ப்பார், சாவியைக் கொடு. பார்த்துவிட்டு அவர் லாயக்கில்லை என்று எழுதிவிட்டால் கார் கொட்டகையில் முடங்கும். கார் முடங்கினால் டிரைவர் எதற்கு? பாலக்கோட்டில் இருக்கிற கார்களே மூன்று. மற்ற இரண்டையும் முதலாளிகளின் மச்சான்கள் ஓட்டுகிறார்கள்.

உலகச் சண்டை நடக்கிற காலம். புது புஷ் வேண்டுமென்றால் சேலத்துக் கடைக்காரர் கப்பல் வரட்டும் என்பார். கப்பல் பதினொரு மணிக்குள் பாலக்கோடு வந்து சேராது.

கவுஸ் பாஷா தன் செருப்பின் அடித்தோலை அறுத்தான். வளையமாகச் சுருட்டித் திணித்தான். இரண்டாவது கியரில் விழுந்த ராடு எழுந்திருக்க மறுத்தது. காலை ஊன்றி இழுத்தான். தோல் நாராகக் கிழிந்தது. ஸ்பிரிங் ஒன்று துள்ளிப் போய்ச் சாணிக்குழியில் விழுந்தது.

முழங்கை வரை சாணியோடு அதை மீட்டு வந்து, புளியங்கட்டையைச் செதுக்கினான். கட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. எஞ்சினைக் கிளப்பி, முன்னால் போகும் கியரைப் போட்டான். கார் பின்னால் போய் மாட்டுத்தொட்டியை இடித்தது.

"ஆபீசரு பாக்கறதுக்கு இதுவே போதுங்க பாய்" என்றாள் குள்ளம்மாள். அவள் குரலில் ஏனோ ஒரு நிம்மதி.

"கார ரிவர்ஸ்லயே தருமபுரி வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொல்றீங்களா?"

அப்போதுதான் அவள் கையிலிருந்த ஊதுகுழல் அவன் கண்ணில் பட்டது. பித்தளைக் குழல். வாய்ப்பக்கம் நல்ல தடிமன். அளவும் கிட்டத்தட்ட அதே.

"குடுங்கக்கா."

"மாட்டேன். அடுப்ப எப்படி ஊதறது?"

"ஆபீசர் போனதும் நானே வந்து வாயால ஊதறேன்."

இழுபறியில் குழல் அவன் கைக்கு வந்தது. ஆனால் பெட்டியில் அரத்தைக் காணோம். வீடெல்லாம் தேடி, கடைசியில் முதலாளி அறை ஜன்னலில் கண்டெடுத்தான். அரத்தின் பல்லெல்லாம் மஞ்சளாக மின்னும் உலோகத் தூள். யோசிக்க நேரமில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வேலையில் இறங்கினான். அறுத்தான், தேய்த்தான், போட்டான், கழற்றினான், மறுபடி தேய்த்தான். கட்டைவிரலில் ரத்தம் வந்தது. அதையும் வேட்டியிலேயே துடைத்தான்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ராடைத் தொட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ். வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி இறங்கியது.

ஆபீசர் காக்கிச் சட்டையில், கூட இன்னொரு காக்கி ஆளோடு வந்தார். "வண்டியில ஏதாவது கோளாறு உண்டா?"

"நெறைய இருக்குதுங்க சாமி" என்று குள்ளம்மாள் முந்திக்கொண்டாள்.

ஆபீசர் டிரைவரைப் பார்த்தார். கவுஸ் பாஷாவுக்குப் பொய் வராது என்பது ஊருக்கே தெரியும். போன வருஷம், வண்டியில் எத்தனை பேர் என்று போலீஸ்காரர் கேட்டபோது, சீட்டுக்கு அடியில் படுத்திருந்தவரையும் சேர்த்தே சொன்னவன்.

"இருந்துச்சுங்க. காலையில நானே சரி பண்ணிட்டேன். கியரப் போட்டுப் பாருங்க."

ஆபீசர் தாமே ஓட்டிப் போய்த் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் ஒரு நம்பர் எழுதினார்.

"பாஸுங்களா?"

"முதல் தரம். இன்னிக்கே பட்டாளத்துக்கு எடுத்துக்கிறோம்."

கவுஸ் பாஷா ஓரடி முன்னால் வந்தான். "அப்ப... ஓட்டறதுக்கு நானுங்களா?"

"எங்க டிரைவர் இதோ வந்திருக்கானே."

காக்கி ஆள் கியரைப் போட்டான். துளிச் சத்தமில்லை. கார் மண்டித் தெரு முனையில் அழகாகத் திரும்பி மறைந்தது. கவுஸ் பாஷா உள்ளங்கையில் அந்தப் பழைய புஷ்ஷோடு நின்றான்.

குள்ளம்மாள் பக்கத்தில் வந்து, குட்டையாகிப்போன ஊதுகுழலால் அதைத் தொட்டுக் காட்டினாள்.

"உங்க வாயில பொய் நிக்காதுன்னு, உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு, சூடத்த அணைச்சு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாரு பாய். வண்டி பட்டாளத்துக்குப் போயிடக்கூடாதுன்னு நாலு நாளு கதவச் சாத்திக்கிட்டு இந்த புஷ்ஷ அரத்துல தேச்சதே மொதலாளிதானுங்க."